குருபோங் புல்லுக்கு அடியில் ஓர் ஆறு

மகனே,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நீ நலம் என்று நீயே எழுதிவிட்டாய். எனக்கு முட்டி வலி என்று உனக்குத் தெரியும். அந்த வேலை முடிந்தது. இனி நேராக விஷயத்துக்கு வரவேண்டியதுதான், ஆனால் நேராக வர முடியாமல்தான் மூன்று வாரமாக இந்தத் தாள் என் முன்னால் வெறுமையாகக் கிடக்கிறது. கோலாலம்பூரிலிருந்து நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. தையில் கமலத்தோடு கல்யாணம், மலாக்காவுக்கு மாற்றல் கேட்டு மனு கொடுத்தாகிவிட்டது, அவளுக்கும் நம் ஊர் பிடித்திருக்கிறது, குருபோங்கில் ஆற்றோரமாக நிலம் பார்த்திருக்கிறேன், அடுத்த மாதம் கையெழுத்து, நீங்கள் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டது போதும் அப்பா என்று எழுதியிருந்தாய். அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். வருகிற வழியில் காஜா பேராங் சாலையில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்தி, என் பையன் வருகிறான், குருபோங்குக்கே வருகிறான் என்று சொன்னேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, இதோடு மூன்று தடவை சொல்லிவிட்டீர்கள் என்றார். நான்காவது தடவையும் சொன்னேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு ராத்திரி கூடத் தாங்கவில்லை. நிலத்துக்கு நீ எழுதியிருந்த அடையாளங்களைப் படுத்துக்கொண்டே மனதில் போட்டுப் பார்த்தேன். மண்சாலை திரும்பும் இடம், ஒன்றை ஒன்று பார்த்துச் சாய்ந்த இரண்டு தென்னை, நடுவில் பாய் விரித்தாற்போல் மேடு பள்ளம் இல்லாத புல்தரை, புல் மட்டும் வளைந்து வளைந்து ஓர் இடத்தில் அதிகப் பச்சையாக இருக்கிறது என்று நீயே ஆசையாக எழுதியிருந்தாய். அந்தப் பச்சை என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மகனே, நீ வாங்கப் போவது நிலம் இல்லை, ஆறு. பழைய ஆற்றின் படுகை. அதை மூடியவன் நான்.

ஜப்பான்காரன் போன பிறகு, நீ பரீட்சைப் புத்தகங்களில் தலையைக் கவிழ்த்திருந்த வருஷங்களில், நான் வாய்க்கால் இலாகாவில் கூலியாட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தேன் அல்லவா? எங்கே வேலை, என்ன வேலை என்று நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. காலையில் சைக்கிளில் போவேன், சேறும் சகதியுமாகத் திரும்புவேன், உன் அம்மா என்னைக் கிணற்றடியிலேயே நிறுத்தி வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுவாள். அந்த வேலை குருபோங் வளைவை வெட்டும் வேலை. ஆற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. வளைவில் வெளிக்கரையை அரித்துக்கொண்டே போகும், அரித்ததில் கொஞ்சத்தைக் கீழே கொண்டுபோய் அடுத்த வளைவின் உள்கரையில் மணலாகப் போடும். அதனால் வளைவு வருஷத்துக்கு வருஷம் பெரிசாகும், அதன் இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள நிலம், அதன் கழுத்து, குறுகும். குருபோங்கில் அந்தக் கழுத்து, இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் நிற்பவன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குறுகிப் போயிருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் வளைவைச் சுற்றிப் போகப் பொறுமை இல்லாமல் வயல்களில் ஏறியது. இஞ்சினியர் துரை வரைபடத்தில் ஒரு நேர்க்கோடு போட்டார். நாற்பது பேர் மண்வெட்டியும் கூடையுமாக அந்தக் கோட்டை வெட்டினோம். தோண்டிய மண்ணைக் கொட்ட இடம் வேண்டுமே, அதைப் பழைய வளைவிலேயே கொட்டி நிரப்பினோம். ஒரு வருஷத்தில் புல் வந்துவிட்டது. நான் அதன்மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தேன். இங்கே ஆறு இருந்தது என்று எவனும் சொல்ல முடியாது என்று எனக்கு அன்று அவ்வளவு பெருமை.

இப்போது அப்படித்தான் ஆகிவிட்டது, எவனும் சொல்லவில்லை. சுதந்திரம் வந்து நாலு மாதம் முடியவில்லை, துரை அதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்டார். நிலத்தைத் துண்டு போட்டு விற்பவர் கையில் இருப்பது புது வரைபடம், அதில் ஆறு அடிக்கோல் வைத்தாற்போல் நேராக ஓடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. என்னோடு வெட்டிய நாற்பது பேரில் சிலர் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள், சிலர் செத்துப் போனார்கள், மிச்சப் பேர் எங்கே என்று எனக்குத் தெரியாது.

அந்த வளைவை வெட்ட வேண்டி வந்ததே ஏன் என்று யோசித்தால், அது உன் தாத்தாவில் போய் நிற்கிறது. அவர் அலோர் காஜாவுக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அவர் வந்தபோது அந்த மேடெல்லாம் காடு. வெட்டி, எரித்து, வேரைப் பிடுங்கிக் கித்தா கன்று நட்டார்கள். கன்று நிமிரும் வரை மண்ணைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மழைக்கு மேடு கரைந்து ஓடையில் இறங்கும், ஓடை ஆற்றில் இறங்கும். ஆற்றுக்கும் ஒரு வேலைமுறை இருக்கிறது, கல்லை மேட்டிலேயே விட்டுவிடும், மணலை நடுவழியில் இறக்கும், சேற்றை மட்டும் கடைசிவரை தூக்கிக்கொண்டு வரும். தட்டை நிலம் வந்து ஓட்டம் தளர்ந்ததும் அதையும் போட்டுவிடும். அப்படித்தான் குருபோங்கில் ஆறு தூர்ந்தது. உன் தாத்தா மேலே வெட்டிய காட்டின் மண்ணை நான் கீழே கூடையில் அள்ளினேன், நான் அள்ளிக் கொட்டிய மண்ணில் நீ வீடு கட்டப் பார்க்கிறாய். மூன்று தலைமுறையாக நம் குடும்பம் ஒரே மண்ணை மேலேயும் கீழேயுமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. இதை நினைத்துச் சிரித்தேன், கொஞ்ச நேரம் கழித்து அழுதேன்.

உனக்கு ஒரு பயணம் நினைவிருக்கிறதா? சித்தியைப் பார்க்க லிங்கிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டு மூன்று பேரும் ஒரே சைக்கிளில் திரும்பினோம். நீ முன் கம்பியில், அம்மா பின்னால், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு நான். மேட்டு உச்சியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் இல்லை. சாலை அந்த இடத்தில் மேட்டின் முதுகு மேலேயே ஓடுகிறது, விழுகிற மழை சாலையின் நடுவில் பிரிந்து பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் ஓடியது. அம்மா ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "இந்தப் பக்கம் ஓடுற தண்ணி நம்ம வூட்டுக்குப் போவுதா?"

"வூட்டுக்குப் பக்கத்துல போவும். நம்ம போய்ச் சேர்ந்து துணி காயப் போட்ட பொறவு வரும்" என்றேன்.

"அப்ப அந்தப் பக்கம் ஓடுறது?"

"அது லிங்கி ஆத்துக்கு. இனிமே நம்ம கண்ணுல படாது."

அவள் முகம் சின்னதாகிவிட்டது. "ஒரே மேகத்துல ஒண்ணா வந்த தண்ணிதான" என்றாள். அதோடு விட்டாளா, வீடு வரும் வரை அந்தப் பக்கத்துத் தண்ணீருக்காக வருத்தப்பட்டுக்கொண்டே வந்தாள். நான் கேலி செய்தேன். அவள் இறந்த பிறகு அந்தப் பேச்சை நினைக்காத மழை கிடையாது எனக்கு. அந்த முதுகுக்கு இந்தப் பக்கம் எங்கே மழை பெய்தாலும் அது நம் ஆற்றுக்குத்தான் வந்தாக வேண்டும், தம்பினில் பெய்ததும் சரி, அலோர் காஜாவில் பெய்ததும் சரி. குருபோங்கில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், கமலம் வாசலில் வடாம் காயப்போட்டிருப்பாள், ஆனால் இருபது மைலுக்கு மேலே கொட்டிய மழை கிளம்பி வந்துகொண்டிருக்கும். அது வந்து சேரும் நேரத்தில் பட்டணத்தில் ஆறு கடலில் விழும் இடத்தில் கடல் ஏறியிருந்தால் தண்ணீருக்குப் போக வழி கிடையாது. நின்று, பின்னுக்கு ஏறி, தனக்குத் தெரிந்த பள்ளத்தைத் தேடும். அந்தப் பள்ளத்தில்தான் நீ கட்டில் போட்டிருப்பாய்.

ஒருவேளை நான் இடத்தை மாற்றி நினைத்துவிட்டேனோ என்று ஓர் ஆசை. வயதானவனுக்கு ஞாபகப் பிசகு வரக்கூடாதா? அது இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டே போன ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குருபோங்குக்குப் போனேன். சாய்ந்த தென்னைகளுக்கு நடுவில் குழி தோண்டினேன். மேலே நாங்கள் கொட்டிய செம்மண், அதற்குக் கீழே மஞ்சள் மண், இடுப்பளவு போனதும் கறுப்புச் சேறு. அழுகின இலை நாற்றம். அதற்குள் நத்தை ஓடுகள். கரையில் உட்கார்ந்து ஒரு சுருட்டுப் பிடித்து முடிப்பதற்குள் குழியில் முழங்காலளவு தண்ணீர் ஊறியிருந்தது. எனக்கு ஞாபகப் பிசகு இல்லை. அன்றைக்கு மட்டும் அது இல்லையே என்று துக்கப்பட்டேன். குழியை மூடிவிட்டு, ஒரே ஒரு நத்தை ஓட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

சரி, முதல் ராத்திரியே தெரிந்த விஷயத்தை எழுத மூன்று வாரம் எதற்கு என்று நீ கேட்பாய். மழுப்பாமல் சொல்கிறேன். அந்த நிலம் வேண்டாம் என்றால் நீ மலாக்காவுக்கே வரமாட்டாய். கோலாலம்பூரிலேயே, செந்தூலில், கமலத்தின் அப்பா தன் வீட்டுக்குப் பக்கத்து மேட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துகிறார், அப்பாவுக்காகத்தான் குருபோங்கைப் பார்க்கிறேன் என்று நீயே எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிதான் என் வாயைக் கட்டியது. பெரிய வெள்ளம் வருஷா வருஷமா வருகிறது, பத்து வருஷம் வராமலும் இருக்கலாம், அதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன், அதுவரைக்கும் என் மகன் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருப்பான் என்று நினைத்தேன். இதை நினைத்தவன் உன்னைப் பெற்றவன். உன் பிள்ளைகள் தூங்கும் அறையில் தண்ணீர் ஏறினால் ஏறட்டும், நான் பார்க்க இருக்க மாட்டேன் என்றுதானே இதற்கு அர்த்தம்? இதைக் கையால் எழுதிப் பார்த்த பிறகுதான் எவ்வளவு அசிங்கமான நினைப்பு என்று எனக்கு உறைக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை மூடினால் மேலே எழுதியதற்கெல்லாம் மதிப்பே இல்லை. அம்மா இறந்த வருஷம் நீ சிங்கப்பூர்த் துறைமுக அலுவலகத்தில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாய். பதில் வரவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வந்தது. நீ இல்லாத நேரத்தில் தபால்காரர் என் கையில் கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் உறையின் கனத்திலேயே பயந்துவிட்டேன். கம்போங் செட்டியில் பரமசிவத்திடம் கொண்டுபோனேன். அவரை உனக்குத் தெரியும், ஒரு கம்பெனியில் குமாஸ்தா, பல தலைமுறையாக இங்கேயே ஊறிய செட்டிக் குடும்பம், கோயிலில் நம்மோடு நின்று கும்பிடுவார், வாயைத் திறந்தால் மலாய். அவர் படித்துவிட்டு என் தோளைத் தட்டி, உன் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது, பத்து நாளில் போய்ச் சேர வேண்டும் என்று அவர் பாஷையில் சொன்னார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கடிதத்தை அம்மாவின் தையல் டப்பாவுக்குள் வைத்து மூடினேன். அவள் போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நீயும் போய்விட்டால் அந்த வீட்டில் விளக்கேற்றி யாருக்குக் காட்டுவேன் என்று இருந்தது. நியாயம் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அதன் பிறகு நீ தினமும் வாசல் மாமரத்தடியில் தபால்காரருக்காக நின்றாய். மழையானாலும் நின்றாய். அவர் கையை விரித்துக்காட்டிவிட்டுப் போவார். நான் உள்ளே அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் நீ உள்ளே வந்து, "என்னைவிட நல்லா எழுதுனவன் எவனோ கெடச்சிருப்பான்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய். நான் உனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன். அதுதான் என்னால் செய்ய முடிந்தது, பார்த்துக்கொள். அடுத்த வருஷம் நீ இன்னொரு வேலைக்கு எழுதிப் போட்டதை என்னிடம் சொல்லவே இல்லை, கோலாலம்பூர் வேலை கிடைத்த பிறகுதான் சொன்னாய், இரண்டே நாளில் கிளம்பியும் விட்டாய். நான் அடைத்தது வீணாய்ப் போனதோடு, நீ என்னிடம் முன்கூட்டிச் சொல்லும் பழக்கமும் அன்றோடு போயிற்று. ஆற்றை அடைத்துப் பழகிய கைக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

பரமசிவம் இத்தனை வருஷமும் யாரிடமும் மூச்சு விடவில்லை. போகிப் படையல் முடிந்ததும் வருஷா வருஷம் எனக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார், கொடுக்கும்போது ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். நேற்று குருபோங் விஷயத்தை அவரிடம் சொன்னேன். குழி தோண்டியதையும் சொன்னேன், உனக்கு இன்னும் எழுதவில்லை என்பதையும் சொன்னேன். அவர், "லகி சத்து காலி?" என்றார். இன்னொரு தடவையா என்று கேட்டார். நான் எழுந்து வீட்டுக்கு வந்து இந்தத் தாளில் எழுத உட்கார்ந்தேன்.

அதனால் கேட்டுக்கொள், அந்த நிலத்தை வாங்காதே. சொந்த நாடு என்று ஆகிவிட்டது, சொந்த மண் ஒரு துண்டாவது வேண்டும் என்று நீ துடிப்பது எனக்குப் புரிகிறது. உன் தாத்தாவும் நானும் மற்றவன் மண்ணிலேயே முதுகை ஒடித்தவர்கள், நீ உன் பெயரில் ஒரு வேலி போட்டால் அவர் ஆத்மா குளிரும். ஆனால் வேலி போடும் மண் நிற்கும் மண்ணாக இருக்கட்டும். செந்தூல் மேட்டை எடுத்துக்கொள். அங்கேயும் சும்மா கையெழுத்துப் போட்டுவிடாதே. நல்ல மழை பெய்யும்போது குடையோடு போய் நில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று காலுக்குக் கீழே பார். சரிவில் மண் சிவப்பாகக் கரைந்து ஓடினால் மேலே யாரோ மரத்தை வெட்டியிருக்கிறான் என்று அர்த்தம். கமலத்தையும் கூட்டிப் போ. அந்தப் பெண்ணிடம் எதையும் மறைத்து வைக்காதே, அவள் நல்லதுக்கென்று கூட மறைக்காதே. போகாதே என்று சொல்ல வேண்டுமானால் வாயைத் திறந்து போகாதே என்று சொல். நான் உன்னிடம் அதை ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ தங்கியிருக்க மாட்டாய்தான், ஆனால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாவது போயிருப்பாய்.

இதோடு இரண்டு பொருள் வைத்திருக்கிறேன். ஒன்று அந்த நத்தை ஓடு. இன்னொன்று சிங்கப்பூர்க் கடிதம், மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, தையல் ஊசியின் துரு ஓர் ஓரத்தில் பிடித்திருக்கிறது. உன்னைவிட நன்றாக எழுதியவன் எவனும் இல்லை, அவர்கள் உன்னைத்தான் கேட்டிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு நீ என்மேல் கோபப்பட்டால் அது சரிதான், அந்தக் கோபம் எனக்கு நாலு வருஷம் தாமதமாக வருகிறது. கல்யாணத்துக்கு வரவேண்டாம் என்று நீ எழுதினாலும் நான் மறுபேச்சு பேசமாட்டேன். வரலாம் என்றால் வருகிறேன், மண்வெட்டியோடு வருகிறேன், வீட்டைச் சுற்றி மழைத்தண்ணீர் வாய்க்கால் வெட்ட நீ வெளியாள் தேட வேண்டாம், அது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரியும். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது, மகனே. தினமும் இருக்கிறது.

எதுவானாலும் ஒரு வரி எழுது. தபால்காரர் இப்போதும் பத்து மணிக்குத்தான் வருகிறார். நாளை மறுநாளிலிருந்து நான் மாமரத்தடியில் நிற்பேன், நீ நின்ற இடத்திலேயே.

அப்பா